பந்தயக் கார் கற்றுத் தந்த பாடங்கள்

பாலையூற்றிலிருந்து திருகோணமலை நகருக்குப் போகும் பாதையோரம் காலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், சகோதரிகளே! பள்ளிக்கூடப் பிள்ளைகளை நெருக்கி ஏற்றிய முச்சக்கர வண்டிகள் விரைகின்றன. ஒரே மோட்டார் சைக்கிளில் வாப்பா, உம்மா, நடுவில் இரண்டு பிள்ளைகள். ஸ்கூட்டியில் பாடசாலைக்குப் போகும் ஆசிரியை. இடையிடையே சத்தமே இல்லாமல் நழுவிப் போகும் ஹைபிரிட் கார்கள். எல்லோரையும் ஒதுங்கச் சொல்லி ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும் பஸ்.

இந்த வாகனங்களுக்கும், தொலைக்காட்சியில் நம் பையன்கள் கண்கொட்டாமல் பார்க்கும் கார்ப் பந்தயத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? "அது காசைக் கரியாக்கும் விளையாட்டு. நமக்கும் அதற்கும் என்ன?" என்றுதான் பெரும்பாலான தாய்மார் சொல்வார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நீங்கள் ஏறும் வாகனத்தின் பிரேக், நீங்கள் அணியும் தலைக்கவசம், ஏன், குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரியின் ஒழுங்குமுறை வரை பந்தயத் திடலின் பாடங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றில் சில, உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற பாடங்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் பார்ப்போமா?

ஒரு பெண்ணின் கைக்கண்ணாடி

டொரத்தி லெவிட் என்பவர் இங்கிலாந்தின் கார்ப் பந்தய வீராங்கனை. பெண்கள் கார் ஓட்டுவதே அதிசயமாக இருந்த காலத்தில், 1909ஆம் ஆண்டு, காரோட்டும் பெண்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் சொன்ன யோசனை ஒன்று: சிறிய கைக்கண்ணாடி ஒன்றைக் காரில் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது உயர்த்திப் பிடித்தால் பின்னால் வருவது என்ன என்று தெரியும்!

இரண்டு ஆண்டு கழித்து, 1911இல், அமெரிக்காவின் இண்டியானபோலிஸ் நகரில் முதலாவது 500 மைல் பந்தயம் நடந்தது. மற்றக் கார்களில் சாரதியோடு ஓர் உதவியாளரும் இருந்தார். பின்னால் வருகிறவர்களைப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. ரே ஹரூன் என்ற வீரர் மட்டும் தனியாக ஓட்ட வந்தார். "இது ஆபத்து" என்று மற்றவர்கள் ஆட்சேபித்தார்கள். அவர் காரின் முன்பக்கம் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு ஓடினார். வெற்றியும் அவருக்கே கிடைத்தது. இன்று பக்கக் கண்ணாடி இல்லாத ஸ்கூட்டி உண்டா? ஆனால் முகம் பார்க்க மட்டும் அதைத் திருப்பி வைத்திருக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

சூடேறும் பிரேக்

பழைய வாகனங்களில் 'டிரம் பிரேக்' இருந்தது. மூடிய ஒரு சட்டிக்குள் தேய்மானக் கட்டைகள் அழுத்தி வண்டியை நிறுத்தும். அடிக்கடி பிரேக் பிடித்தால் சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். சூடு ஏற ஏறப் பிரேக்கின் பிடி தளரும். மலைப்பாதையில் இறங்கும் பஸ்களும் லொறிகளும் பிரேக் இழப்பதற்கு இந்தச் சூடும் ஒரு காரணம்.

1953ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஜாகுவார் நிறுவனத்தின் கார் வேறொரு வகைப் பிரேக்குடன் வந்தது. சக்கரத்தோடு சுழலும் ஒரு திறந்த தட்டு. அதை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் கட்டைகள். மூடிய சட்டியைவிட, காற்றில் பிடித்த தோசைக்கல் விரைவாக ஆறும் அல்லவா? அதே தத்துவம்தான். மற்றவர்கள் வளைவுக்கு வெகு தூரத்திலேயே வேகத்தைக் குறைக்க, இந்தக் கார் அருகே வரை வந்து குறைத்தது. பந்தயத்தையும் வென்றது. அந்த 'டிஸ்க் பிரேக்' இன்று காரில் மட்டுமல்ல, உங்கள் மகன் கேட்கும் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்திலும் இருக்கிறது.

தலைக்கவசத்துக்குள் என்ன இருக்கிறது?

1956ஆம் ஆண்டு அமெரிக்காவில் பீட் ஸ்னெல் என்ற பந்தய வீரர் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் தலைக்கவசம் அணிந்துதான் இருந்தார். அது அவரைக் காக்கவில்லை. அவருடைய நண்பர்கள் அடுத்த ஆண்டே அவர் பெயரில் ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். எந்தத் தலைக்கவசம் உண்மையில் காக்கும், எது வெறும் தொப்பி என்று சோதித்துத் தரம் வகுப்பது அதன் வேலை. அந்த அமைப்பு இன்றும் மோட்டார் சைக்கிள் தலைக்கவசங்களுக்கும் தரச் சான்று வழங்கி வருகிறது.

நல்ல தலைக்கவசத்தின் வெளி ஓடு அடியைப் பரவலாக்குகிறது. ஆனால் உயிரைக் காப்பது உள்ளே இருக்கும் ரிஜிபோம் போன்ற தடித்த படை. அது நசுங்கும்போது அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. முட்டை சீமெந்துத் தரையில் விழுந்தால் உடைகிறது. பஞ்சு மெத்தையில் விழுந்தால் தப்பிக்கிறது. அதே கணக்குத்தான். ஒருமுறை நசுங்கிய படை மீண்டும் பழைய நிலைக்கு வராது. ஆகவே விபத்தில் அடிபட்ட தலைக்கவசம், வெளியே பளபளப்பாக இருந்தாலும், இனிமேல் பயன்படாது. அதை இரவலும் கொடுக்காதீர்கள்.

நம் பெண்களுக்கு இங்கே தனியாக ஒரு வார்த்தை. உச்சியில் கொண்டை போட்டு, முக்காட்டைப் பல மடிப்பாகச் சுற்றி, அதன்மேல் தலைக்கவசத்தை வைத்தால் அது தலையில் உட்காராது, ஆடும். விழும்போது கழன்று போகும். தலைமுடியைப் பிடரியில் தாழ்வாகக் கட்டுங்கள். மெல்லிய துணியில், மடிப்பு இல்லாத முக்காட்டை அணியுங்கள். தலைக்கவசத்துக்குள் குண்டூசியும் புரோச்சும் வேண்டாம். அடிபடும்போது அவையே ஆயுதமாகிவிடும். தாடைப் பட்டியை மறவாமல் பூட்டுங்கள். அபாயாவின் ஓரமும் துப்பட்டாவின் நுனியும் சக்கரத்திலோ செயினிலோ சிக்காதபடி செருகிக்கொண்ட பிறகே வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.

1994: இரண்டு நாளில் இரண்டு மரணம்

இத்தாலியின் இமோலா திடலில் 1994ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி ரோலண்ட் ரட்சன்பெர்கர் என்ற வீரர் இறந்தார். மறுநாள் மே முதலாம் திகதி, உலகமே கொண்டாடிய அயர்ட்டன் சென்னாவும் அதே திடலில் இறந்தார். போர்மியுலா வன் பந்தயத்தை நடத்திவந்த சர்வதேசச் சம்மேளனம் திகைத்துப் போனது. மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரான பேராசிரியர் சிட் வாட்கின்ஸ் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. விபத்தில் கார் எப்படி நொறுங்க வேண்டும், கழுத்தை எப்படிக் காப்பது, மதிலில் மோதும் வேகத்தை எப்படித் தணிப்பது என்று ஆராய்ந்தார்கள்.

அந்த ஆராய்ச்சி திடலோடு நிற்கவில்லை. "பந்தயக் காருக்கு இவ்வளவு சோதனை செய்கிறோம். குடும்பங்கள் வாங்கும் காரை யார் சோதிக்கிறார்கள்?" என்ற கேள்வி எழுந்தது. சம்மேளனத்தின் அப்போதைய தலைவர் மெக்ஸ் மோஸ்லியே 'யூரோ என்கெப்' என்ற அமைப்பின் முதல் தலைவராகவும் இருந்தார். 1997இல் அந்த அமைப்பு கார்களை மோதவிட்டுச் சோதித்து, நட்சத்திரம் வழங்கத் தொடங்கியது. கார்க் கம்பனிகள் முதலில் முகம் சுளித்தன. பின்னர் ஐந்து நட்சத்திரம் வாங்குவதே விளம்பரமாகிவிட்டது!

2014இல் அதே முறையிலான சோதனை இந்தியக் கார்களுக்கு நடந்தது. அங்கே அமோகமாக விற்பனையாகி வந்த, காற்றுப் பை இல்லாத ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டார்கள். முன்னிருக்கைப் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒன்றுக்குக்கூட ஒரு நட்சத்திரம் கிடைக்கவில்லை. அதன்பிறகு சட்டங்கள் இறுகின. 2023 ஒக்டோபரில் இந்தியா தனக்கென்றே 'பாரத் என்கெப்' என்ற நட்சத்திரச் சோதனையைத் தொடங்கியது. நம் நாட்டுத் தெருக்களில் ஓடும் சிறிய கார்களில் கணிசமானவை இந்தியாவிலிருந்து வந்தவை. ஆகவே உங்கள் வீட்டில் கார் வாங்கும் பேச்சு வந்தால், நிறத்தையும் ஆசன உறையையும் பார்க்கும் முன்னர் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இதில் காற்றுப் பை எத்தனை? மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம்?"

மடியில் இருக்கும் பிள்ளை

"பிள்ளையை நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்" என்று எந்தத் தாயும் சொல்வாள். ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுகிறது. முன்பக்கம் அரை மீற்றர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொருவரும் தம் எடையைப்போல் சுமார் இருபது மடங்கு விசையை உணர்வார்கள். பத்துக் கிலோ எடையுள்ள உங்கள் பிள்ளை, உங்கள் கையில் 200 கிலோ ஆகிவிடும். நான்கு மூடை அரிசியை ஒரே நொடியில் தாங்கிப் பிடிக்கும் கை எந்தத் தாய்க்கு உண்டு?

பந்தய வீரரின் தோள், இடுப்பு, தொடை என எல்லாவற்றையும் பட்டிகளால் இருக்கையோடு பிணைக்கிறார்கள். தலை முன்னே வீசப்பட்டுக் கழுத்து முறியாதபடி தலைக்கவசத்தையும் தோளிலிருக்கும் ஒரு சட்டத்தோடு இணைக்கிறார்கள். இது 2003 முதல் போர்மியுலா வன்னில் கட்டாயம். 2020 நவம்பர் 29ஆம் திகதி பஹ்ரைனில் ரொமேன் குரோஷான் என்ற வீரரின் கார் இரும்பு வேலியைத் துளைத்து இரண்டாகப் பிளந்து தீப்பற்றியது. ஏறத்தாழ 28 விநாடி நெருப்புக்குள் இருந்தவர், தானே எழுந்து வெளியே வந்தார்! தலைக்கு மேல் இருந்த டைட்டேனியம் வளையம், இருக்கைப் பட்டி, தீத் தாங்கும் உடை எல்லாம் சேர்ந்து அவரைக் காத்தன. அந்த வளையம் 2018இல் கட்டாயமானபோது, "காரின் அழகைக் கெடுக்கிறது" என்று எதிர்த்தவர்கள் பலர். எதிர்த்தவர்களில் அவரும் ஒருவர்!

இலங்கையில் 2011 முதல் முன்னிருக்கையில் இருப்பவர்கள் பட்டி அணிவது கட்டாயம். பின்னிருக்கையில் பட்டி இருந்தாலும் அதை ஆசனத்துக்குள் தள்ளிவிட்டு உட்காருகிறோம். பொலிஸாருக்காக அல்ல, பிள்ளைகளுக்காக அதை வெளியே எடுங்கள். கைக்குழந்தைக்குத் தனி ஆசனம் வாங்க முடிந்தவர்கள், தங்க வளையல் ஒன்றைத் தள்ளிப்போட்டாவது வாங்குங்கள்.

ஆஸ்பத்திரிக்குள் வந்த பந்தயக் குழு

லண்டனில் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் என்ற சிறுவர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே இருதயச் சத்திரசிகிச்சை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றும் சில நிமிடங்கள் மிகவும் ஆபத்தானவை. குழாய்கள், வயர்கள், மருந்துகள், செய்திகள் எல்லாமே கைமாற வேண்டும். நீண்ட சத்திரசிகிச்சை முடித்துக் களைத்திருந்த டொக்டர்மார் இருவர், தொலைக்காட்சியில் பந்தயம் பார்த்தார்கள். கார் நின்றதும் ஒரு பெரிய குழு ஓடி வருகிறது. ஒருவரோடு ஒருவர் முட்டாமல், கத்தாமல், சில விநாடிகளில் நான்கு டயரையும் மாற்றி அனுப்பிவிடுகிறது. "நாங்கள் ஏன் இப்படிச் செய்யவில்லை?" என்று அவர்களுக்குத் தோன்றியது.

ஃபெராரி பந்தயக் குழுவிடம் போய்க் கற்றார்கள். யார் தலைவர், யார் எங்கே நிற்பது, யார் எப்போது பேசுவது என்று வகுத்தார்கள். 2007இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, மாற்றும் வேளையில் நடந்த தொழில்நுட்பத் தவறுகள் 42 சதவீதம் குறைந்தன. சொல்ல மறந்த தகவல்கள் கிட்டத்தட்டப் பாதியாகின. புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. ஒழுங்கு ஒன்றுதான் புதிது!

கொரோனாக் காலத்தில், 2020 மார்ச்சில், மெர்சிடிஸ் பந்தய எஞ்சின் செய்யும் தொழிற்சாலை, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியோடு சேர்ந்து மூச்சுத்திணறும் நோயாளிகளுக்கான சுவாச உதவிக் கருவியை உருவாக்கியது. முதல் ஆலோசனைக்கும் முதல் கருவிக்கும் இடையில் நூறு மணிநேரம்கூட ஆகவில்லை. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளுக்குப் பத்தாயிரம் கருவிகள் போயின. வரைபடங்களை மற்ற நாடுகளுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள்.

ஒரு சொட்டுப் பெற்றோலின் அருமை

எண்ணெய்யின் அருமையைத் திருகோணமலைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தில் சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 பெரிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. ஆனாலும் 2022இல் நாமும் கியூ ஆர் அட்டையோடு பெற்றோல் வரிசையில் நின்றோமே!

சாதாரணப் பெற்றோல் எஞ்சின், குடிக்கும் எண்ணெய்யின் சக்தியில் முப்பது, நாற்பது சதவீதத்தையே ஓட்டமாக்குகிறது. ஆயிரம் ரூபாய்க்கு அடித்தால் அறுநூறு ரூபாய்க்கு மேல் சூடாகக் காற்றில் போகிறது. போர்மியுலா வன் 2014இல் எரிபொருளுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. வேகமும் வேண்டும், எண்ணெய்யும் மிச்சப்பட வேண்டும்! பொறியியலாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 2017இல் மெர்சிடிஸ் குழு தன் பந்தய எஞ்சின் சோதனைக் கூடத்தில் ஐம்பது சதவீதத்தைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது.

பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைச் சேமிப்பது இன்னொரு வழி. ஹைபிரிட் கார் செய்வது அதைத்தான். இதில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். டொயோட்டா பிரியஸ் 1997இலேயே ஜப்பான் தெருவுக்கு வந்துவிட்டது. போர்மியுலா வன்னுக்கு இந்த முறை வந்தது 2009இல்தான். எல்லாம் பந்தயத்தில் பிறந்தவை அல்ல. சில வேளை தெரு முன்னே போகிறது, திடல் பின்னே வருகிறது. ஆனால் திடலுக்கு வந்ததும் பொருள் சிறிதாகிறது, இலேசாகிறது, உறுதியாகிறது. வில்லியம்ஸ் பந்தயக் குழு, பிரேக் சக்தியைச் சுழல்சக்கரம் ஒன்றில் சேமிக்கும் கருவியைச் செய்தது. அந்த வகைக் கருவி பொருத்திய கார் 2012இல் லெ மான் பந்தயத்தை வென்றது. பின்னர் அதே கருவியை லண்டன் நகர பஸ்களில் பொருத்திப் பார்த்தார்கள். நின்று நின்று போகும் பஸ்ஸுக்குத்தானே பிரேக் சக்தி அதிகம் வீணாகிறது!

முற்றிலும் மின்சாரத்தில் ஓடும் போர்மியுலா ஈ பந்தயம் 2014இல் தொடங்கியது. அப்போது ஒரு காரின் பேட்டரி பந்தயம் முடியுமட்டும் தாங்கவில்லை. வீரர்கள் பாதியில் இறங்கி வேறு காருக்குத் தாவினார்கள். நான்கே ஆண்டில், 2018இல் வந்த புதிய கார் முழுப் பந்தயத்தையும் ஓடியது. 2023 பெப்ரவரியில் இந்தப் பந்தயம் இந்தியாவின் ஹைதராபாத் நகர வீதிகளிலேயே நடந்தது.

சமையலறைப் பக்கமும் ஒரு செய்தி உண்டு. சுப்பர் மார்க்கெட்டில் கதவில்லாத குளிர் அலுமாரிகளின் முன்னால் போனால் காலில் சில்லென்று குளிர் அடிக்கும். அந்தக் குளிரெல்லாம் வெளியே கொட்டும் மின்சாரம். பந்தயக் காரின் இறக்கை காற்றை வளைப்பதுபோல், தட்டுகளின் விளிம்பில் சிறு தகடு ஒன்றைப் பொருத்தினால் குளிர்காற்று உள்ளேயே இறங்குகிறது. வில்லியம்ஸ் குழுவின் பொறியியலாளர்களும் கைகொடுத்து உருவான இந்தத் தகடு இங்கிலாந்துக் கடைகளில் பாவனைக்கு வந்துவிட்டது.

மறுபக்கமும் உண்டு

இவ்வளவும் சொன்னதால் பந்தயமே புனிதம் என்று எண்ணிவிடாதீர்கள். போர்மியுலா வன் தானே வெளியிட்ட கணக்கின்படி, ஓராண்டில் அது வெளியிட்ட கரியமில வாயு இரண்டரை இலட்சம் தொன்னுக்கும் மேல். அதில் திடலில் ஓடிய கார்களின் எஞ்சின் புகை ஒரு சதவீதம்கூட இல்லை. நாடு நாடாகச் சாமான்களையும் ஆட்களையும் விமானத்தில் கொண்டுபோவதுதான் பெரும் பங்கு. 2030க்குள் தன் பங்கை நிகரப் பூச்சியமாக்குவதாக அது வாக்குக் கொடுத்திருக்கிறது.

பார்வையாளரின் உயிரும் இருக்கிறது. 1955இல் லெ மான் திடலில் ஒரு கார் பறந்து கூட்டத்துக்குள் விழுந்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பிறகே மக்களுக்கும் காருக்கும் நடுவே மதிலும் இடைவெளியும் வேண்டும் என்பது உலகுக்கு உறைத்தது. ஆனால் அந்தப் பாடம் எழுபது ஆண்டு பழையதாகியும் நம்மிடம் முழுதாக வந்து சேரவில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, நம் தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில், ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர் மீது பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு சிறுமியும் அடக்கம். விடுமுறைக் குதூகலத்தில் பிள்ளைகளோடு போன குடும்பங்கள் அவை.

பாடம் புத்தகத்தில் இருந்தால் போதாது. கடைப்பிடித்தால்தான் உயிர் காக்கும். இதைத்தான் அந்த ஏழு ஜனாஸாக்களும் நமக்குச் சொல்லிச் சென்றன.

உங்கள் கையில் இருப்பது

திடலில் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் காரைச் சரிபார்க்கிறார்கள். நம் வீட்டு வண்டிக்கும் அதில் பத்தில் ஒரு பங்காவது செய்யலாமே:

• டயரின் காற்றை மாதம் இருமுறையாவது பார்க்கச் சொல்லுங்கள். காற்றுக் குறைந்த டயர் எண்ணெய்யையும் விரயமாக்கும், வளைவில் பிடியையும் இழக்கும். தேய்ந்து வழுவழுப்பான டயரோடு மாரி காலத்தில் ஓடக்கூடாது.

• பிரேக் கட்டை தேய்ந்து சத்தம் போட்டால் "பிறகு பார்ப்போம்" வேண்டாம்.

• வேகம் இரு மடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்காகிறது. நாற்பதில் போகிறவர் எண்பதில் போனால் ஆபத்து இரட்டிப்பு அல்ல, நான்கு மடங்கு. பிள்ளைகளை ஏற்றும் முச்சக்கர வண்டிச் சாரதியிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். "மெதுவாகப் போங்க நானா" என்று சொல்வதில் வெட்கம் என்ன?

• சடுதியாக முறுக்கி, சடுதியாகப் பிரேக் பிடிப்பவர் எண்ணெய்யை நெருப்பில் ஊற்றுகிறார். சீராக ஓட்டினால் மாதக் கடைசியில் மிச்சம் தெரியும்.

• மோட்டார் சைக்கிளில் பிள்ளைக்கும் அளவான தலைக்கவசம் வாங்குங்கள். பெருநாள் உடுப்பு ஓராண்டில் சிறிதாகிவிடும். தலை அப்படி அல்ல, ஒன்றுதான் உண்டு.

கடைசியாக உங்கள் பெண் பிள்ளைகளைப் பற்றி. சென்னையைச் சேர்ந்த அலீஷா அப்துல்லா, ஆண்களோடு மோட்டார் சைக்கிளிலும் காரிலும் பந்தயம் ஓடிப் பெயர் பெற்றவர். எல்லோரும் அப்படி ஓட வேண்டியதில்லை. ஆனால் காரை வரைந்து, கணக்கிட்டு, சோதித்துச் செய்வது படிப்பாளிகளின் வேலை. கோயம்புத்தூரின் கரி மோட்டார் திடலில் 'ஃபோர்முலா பாரத்' என்று பொறியியல் மாணவர்களுக்கு ஒரு போட்டி நடந்து வருகிறது. தாமே கட்டிய காரைக் கொண்டு வர வேண்டும், மின்சாரக் காருக்குத் தனிப் பிரிவே உண்டு. நம் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்களும் இங்கிலாந்தில் நடக்கும் இதுபோன்ற போட்டிக்குக் கார் கட்டிக் கொண்டுபோனவர்கள்தான். க.பொ.த. உயர்தரத்தில் கணிதப் பிரிவு கேட்கும் மகளிடம் "அது ஆம்பிளைப் பிள்ளைகளின் படிப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். நாளை நம் பாதையில் ஓடப்போகும் பஸ்ஸின் பிரேக்கைச் சரியாகக் கணக்குப் பண்ணப் போகிறவள் அவளாகவும் இருக்கலாம்.